ஏலாத உடம்பு

கட்டுகஸ்தோட்டை
22.01.1998

ராஜினிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அமராவதி வந்திருந்தாள். தர்மபுரத்தில் உனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள்தான். மகனுக்குக் கண் வைத்தியம் என்று பயணப் பாஸ் எடுத்து வவுனியா வழியாகக் கண்டிக்கு வந்திருக்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். அறுபத்தெட்டு வயது மனுஷன் விடியும் முன் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாராம். விறகு பொறுக்குகிறாராம். சோறு ஆக்கி, உன் மகள் தனுஷாவுக்குத் தலை இழுத்துப் பின்னி விட்டு, பள்ளிக்கூடமும் அனுப்புகிறாராம். நீ பாயில் படுத்திருக்கிறாயாம்.

"நோய் பிடிச்ச வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லை அக்கா. முகம் நல்லாத்தான் கிடக்கு. கதைக்கிறா, சிரிக்கிறா. எழும்பத்தான் மாட்டா" என்றாள்.

குசினி வாசலில், நான் சமைக்கிற வீட்டு டொக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மா செத்த அடுத்த வருஷம், பதின்மூன்று வயதில் என்னைக் கண்டியில் வீட்டு வேலைக்கு விட்டார்கள். என் சம்பளம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது, நீ பள்ளிக்கூடம் போனாய். எழுபத்தேழில் கலவரத்தோடு அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போன பிறகும் அனுப்பினேன். நீ முன்பள்ளி ரீச்சர் ஆனபோது இந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னவள் நான். அந்த ரீச்சர் இப்போது தகப்பனை வேலைக்காரனாக்கிவிட்டுப் படுத்திருக்கிறாள். உன் புருஷன் கணபதி என்ன செய்கிறார்? அவருக்காவது உறைக்கவில்லையா?

காரணம் ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் அப்பாவை எப்படியாவது இங்கே அனுப்பி வை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கம்மா

*

தர்மபுரம்
15.03.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நாற்பத்தொரு நாள் கழித்து வந்தது. வாசித்துவிட்டு இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை ஆறு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் எழுத முடிவதில்லை. எழுத்து ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அதுதான் காரணம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில், அக்கராயனிலிருந்து நாங்கள் சண்டைக்குப் பயந்து மழைக்குள் இடம்பெயர்ந்து வந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே வந்த கிழமையே எனக்குக் காய்ச்சல். பன்னிரண்டு நாள். மலேரியா என்று இரண்டு தரம் இரத்தம் பார்த்தார்கள், கிருமி இல்லை. காய்ச்சல் போனது. பலம் திரும்பி வரவில்லை. நாலு நாளில் வரும், பத்து நாளில் வரும் என்று பார்த்தேன். பதினேழு மாதமாகிறது.

அமராவதி அக்கா பொய் சொல்லவில்லை. கதைக்கும்போது நன்றாகத்தான் இருப்பேன். ஒரு வாளி தண்ணீர் அள்ளினாலும் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. மறுநாள், சில வேளை அதற்கும் அடுத்த நாள், ஆளை அடித்துப் போட்டது போல இருக்கும். புரண்டு படுக்கக்கூட யோசிக்க வேண்டும். நெற்றிக்குள் புகை மூட்டம் மாதிரி. முன்பள்ளியில் நான் இரண்டு வருஷம் படிப்பித்த பிள்ளையின் பெயர் ஒரு நாள் வரவில்லை. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு நானாகவே வேலையை விட்டேன். எட்டு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும், தூங்காமல் நாற்று நட்டவள் போலத்தான் எழும்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், உடம்பில் ஒன்றும் இல்லை, பின்னேரங்களில் நட, ஒவ்வொரு நாளும் தூரத்தைக் கூட்டு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் கணவரும் என்னைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வரை நடந்தார். முதல் கிழமை ஏழு நாளும் போனேன். இரண்டாவது கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். நாலாவது கிழமை ஒழுங்கைப் பாதையில் விழுந்தேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை அப்பாதான் எனக்குக் கஞ்சி பருக்கினார். இதற்கு முன் எழும்பி நின்று செய்த வேலைகளில் பாதி அதோடு போயிற்று. கணவருக்கு என்மேல் கோபமில்லை, ஆனால் என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது. நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்கிறார்.

அக்கா, சோம்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சோம்பல் என்றால் வேலை செய்ய மனமிராது. எனக்கு மனம் முழுக்க வேலைதான். விடியற்காலையில் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்கும். அப்பா உள்ளே வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன், தூங்குகிறேன் என்று அவர் நினைக்கட்டும் என்று.

அவரை உங்களிடம் அனுப்பச் சொன்னதை வாசித்துக் காட்டினேன். "அவகிட்ட எழுது, நான் எங்கயும் வர்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

உங்கள் தங்கச்சி
ராஜினி

*

கட்டுகஸ்தோட்டை
03.05.1998

அன்புள்ள ராஜினி,

உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. குசினியில் அடுப்பு எரிய எரிய நின்றபடியே வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கருகல் மணம் பிடித்து டொக்டரம்மா வந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பெயர் சிவனேஸ்வரி. பதினாறு வருஷமாக அவருக்குச் சமைக்கிறேன், அவர் என்ன படிப்பிக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. சாப்பிடுகிற சோறு உடம்புக்குள் எப்படிப் பலமாகிறது என்பதுதான் அவருடைய பாடமாம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என்னையும் உட்காரச் சொன்னார். மறுநாள்தானே விழுகிறா, வேலை செய்த உடனே இல்லையே என்று கேட்டார். ஓம் என்றேன். அப்போது சொன்னார்: "தங்கம்மா, உம்முடைய தங்கச்சி சோம்பேறி இல்லை. இப்பிடி ஒரு வருத்தம் இருக்கு."

நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன். நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளாம். ஒவ்வொன்றுக்குள்ளும் அதைவிடச் சின்ன அடுப்புகள் இருக்கின்றனவாம். சோற்றையும் மூச்சுக் காற்றையும் வாங்கி எரித்து அந்த அடுப்புகள்தான் பலத்தை உண்டாக்குகின்றன. சிலருக்கு, அதிகமும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, இந்த வேலை கெட்டுப்போகிறது என்று வெளிநாட்டில் சில ஆராய்ச்சிக்காரர் சந்தேகப்படுகிறார்களாம். காலில் சின்னத் துண்டு சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் குறை கண்டார்களாம், இன்னோர் இடத்தில் காணவில்லையாம். ஆகவே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, மருந்தும் கிடையாது என்றார். பொய்யாக ஆறுதல் சொல்கிறவர் இல்லை அவர். வருத்தத்துக்குப் பெயர் நாட்பட்ட களைப்பு நோய்.

ஆனால் ஒன்று நிச்சயம் என்றார். முடியாதபோது தள்ளி நடந்தால் இன்னும் கெடும். களைத்த பிறகு படுப்பதில் பயனில்லை, களைக்கும் முன் படுக்க வேண்டும். என்ன செய்தாய், மறுநாள் எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வை. இரண்டு மாதத்தில் உன் எல்லை உனக்கே தெரிந்துவிடும். அந்த எல்லைக்குள் நின்றுகொள். நல்லாயிருக்கிற நாளில்தான் அதிகக் கவனம் வேண்டுமாம். வேறு வருத்தம் இல்லை என்று உறுதி செய்ய என்னென்ன பார்க்க வேண்டும் என்று அங்குள்ள டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது, உன்னிடம் யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது என்று லயத்து வீட்டிலேயே இருந்தாள். கங்காணி வாசலில் வந்து நின்று, "நடிக்காத, எந்திரி" என்றான். அம்மா எழுந்து போனாள். பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையோடு சரிந்தாள். தூக்கிக்கொண்டு வந்தபோது நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். குடிக்க உயிரில்லை.

உனக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கங்காணியின் வாய் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதிப் பழக்கமில்லை எனக்கு. நீ பதில் எழுதாமல் விட்டிருந்தால் நான் கடைசி வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆறு நாள் படுத்துப் படுத்து எழுதினாயே, அதற்கு உனக்குக் கோடி புண்ணியம்.

அக்கா
தங்கம்மா

*

தர்மபுரம்
09.08.1998

என் அன்பு அக்காவுக்கு,

கடிதம் ஆனி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. அப்பாவும் என் கணவரும் தனுஷாவும் இருக்கும்போது கணவரைத்தான் உரக்க வாசிக்கச் சொன்னேன். அம்மாவைப் பற்றிய இடம் வந்ததும் அவர் நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா வாசியுங்கள் என்று கையைக் காட்டினார்.

அவர் எஞ்சின் திருத்துகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே பெற்றோல் இல்லாததால் மோட்டார்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாள் முழுக்க அவருக்கு அதோடுதான் மாரடிப்பு. டொக்டரம்மா சொன்ன அடுப்புக் கதையை வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு என் பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எண்ணெய்த் தாங்கி நிறைஞ்சுதான் கிடக்கு. எஞ்சினும் நல்லது. எரியிற இடத்தில சரியா எரியேல்லை எண்டா, முறுக்க முறுக்கப் புகைதான் வரும். நானும் உன்னைப் போட்டு முறுக்கியிருக்கிறன் ராஜினி" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். அந்த ஒரு கடிதம் இந்த வீட்டில் என்ன செய்தது என்று நேரில் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

டொக்டரம்மாவின் கடிதத்தோடு, மாட்டுவண்டியில் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பு நடக்கச் சொன்ன அதே டொக்டர்தான் இருந்தார். இருந்த வசதிக்கு இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். தைரொய்ட் பார்க்க இங்கே வழியில்லை, கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படித் தெரியவில்லை என்றார். இந்த வருத்தம் தனக்கும் புதிது, தான் நடக்கச் சொன்னது பிழையாகப் போயிற்று என்று என்னிடமே சொன்னார். கடிதத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்படிக் கேட்கிற டொக்டரை நான் கண்டதில்லை.

கொப்பி எழுதுகிறேன். நான் எழுதாத நாளில் தனுஷா கேட்டு எழுதுகிறாள். தலை முழுகினால் மறுநாள் படுக்கை என்பது அதில்தான் தெரிந்தது. இப்போது தனுஷா முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், நான் உட்கார்ந்தே குளிக்கிறேன், அன்றைக்கு வேறொன்றும் செய்வதில்லை. என் கணவர் அடுப்படியில் எனக்கு உட்கார ஓர் உயரமான மர வாங்கு அடித்துத் தந்திருக்கிறார். உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். இருபது நிமிஷத்தில், இன்னும் உரிக்கலாம் என்று இருக்கும்போதே எழும்பிப் போய்ப் படுப்பேன். அதுதான் பெரிய கஷ்டம். ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நன்றாக இருக்கிறவள் மாதிரி இருந்துகொண்டு போய்ப் படுப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

தண்ணீர் அள்ளுவதை அவர் எடுத்துக்கொண்டார். சமையலையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். அப்பா விடவில்லை. நீங்கள் வயது போனவர், ஆறுதலாக இருங்கள் என்று நானும் கெஞ்சினேன். அப்பா அகப்பையைக் கீழே வைக்காமல் சொன்னார்:

"ஒங்கம்மாவுக்கு நான் ஒரு நாளும் சோறாக்கிப் போட்டதில்ல. அன்னிக்கு அவ எந்திரிச்சுப் போனப்ப நானும் அங்கதான் நின்னேன், போகாதன்னு சொல்லல. இதயாச்சும் செய்யவுடு."

அதோடு நான் கெஞ்சுவதை விட்டேன். நீங்களும் இதைப் பற்றி அவருக்கு எழுத வேண்டாம்.

டொக்டரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னது மருந்து இல்லைதான். ஆனால் எனக்கு ஒரு பெயர் தந்தார். பெயர் இல்லாமல் படுத்திருப்பது வேறு, பெயரோடு படுத்திருப்பது வேறு.

ராஜினி

*

வவுனியா
11.02.2000

அன்புள்ள ராஜினி,

நான் வவுனியாவில் இருந்து எழுதுகிறேன் என்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். உனக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று நினைத்தேன். டொக்டரம்மா இரண்டு கிழமை லீவு தந்து, வழிச்செலவும் பார்த்து அனுப்பினார். இங்கே வந்து நாலு நாளாக வரிசையில் நின்றேன். முதல் நாள் நாளைக்கு வா என்றார்கள். நேற்று, பாதை திறக்கவில்லை, திறந்தாலும் கண்டி அடையாள அட்டைக்குப் பாஸ் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஐம்பது மைல்தான் இருக்குமாம். ஒரு காலைப் பொழுதில் வந்துவிடலாம். சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் என்னவென்று விசாரித்தார். அவர்களுடைய மடத்து ஆட்களுக்கு வன்னிக்குப் போக அனுமதி இருக்கிறதாம், பாதை திறந்ததும் போவாராம். முகம் தெரியாத எனக்காகப் பையை வாங்கிக்கொண்டார். உள்ளே உனக்கு இரண்டு மெல்லிய நூல் சேலை, அப்பாவுக்குச் சால்வை, தனுஷாவுக்குக் கொப்பிகள். டொக்டரம்மா தன் கையால் எழுதிய நாலு பக்கமும் இருக்கிறது. அவர் புதிதாக வாசித்ததையெல்லாம் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். உறுதியான பதில் இன்னும் கிடைக்கவில்லையாம். ஆனால் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றார்.

முட்டிவலி என்றால் நானும் இப்போது மத்தியானம் படுத்துக்கொள்கிறேன். போன வருஷம் டொக்டரம்மா குசினிக்குள் வந்து, தங்கச்சிக்கு ஒரு சட்டம் உமக்கு ஒரு சட்டமோ என்று கேட்டார். முதல் நாள் கண்ணை மூடவே பயமாக இருந்தது, யாரோ வாசலில் வந்து நிற்பது போல. பிறகு பழகிவிட்டது. நீ நோயில் கிடந்து எனக்குக் கற்றுத் தந்தது இது.

நாளைக்கு ரயில் ஏறுகிறேன். உன்னைப் பார்க்காமலே போகிறேன். ஆனாலும் நீ அங்கே அடுப்படியில் வாங்கில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அது போதும் எனக்கு.

அக்கா

*

தர்மபுரம்
30.09.2001

என் அன்பு அக்காவுக்கு,

சிஸ்டர் கொண்டுவந்து தந்த சேலைகளை மாறி மாறிக் கட்டி, ஒன்று இப்போது கிழிந்தும் விட்டது. பாரமில்லாத சேலை என்பதைக்கூட யோசித்து வாங்கினீர்களே.

நான் சுகமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் போல எழும்பி இருக்கிறேன், அதுவும் துண்டு துண்டாக. போன மார்கழியில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து ஒரு மாதம் பழையபடி கிடந்தேன். ஆனால் இப்போது பின்னேரங்களில் ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். நான் படுத்திருக்க, அவர்கள் என்னைச் சுற்றி இருந்து வாசிப்பார்கள். பிழை விட்டால் கண்ணைத் திறப்பேன், உடனே திருத்திக்கொள்வார்கள். ஒரு பிள்ளையின் பெயர் மறந்தால், மறந்துபோச்சு, சொல்லு என்று கேட்டுவிடுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். அவருடைய புளிக்குழம்புக்கு இந்த ஒழுங்கையில் ஆள் வரிசை.

இந்தக் கடிதம் எழுதுவது வேறொன்றைச் சொல்லத்தான்.

ஆடி மாதம் ஆஸ்பத்திரி டொக்டர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருக்கிற புனிதம் என்கிற பெண். கருவாடு காயப்போடுகிற வேலையில் நாலு ஆளின் வேலை செய்தவராம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வருஷமாக எழும்ப ஏலாதாம். புருஷன் பஸ்தியாம்பிள்ளை, கடலோரக் களப்பில் இறால் பிடிக்கிறவர். மனைவி வேண்டுமென்றே கிடக்கிறாள் என்று அவாவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். டொக்டர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லையாம். ராஜினி ஒரு தரம் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சைக்கிள் கரியரில் விசுவமடு வரை போவதென்றால் எனக்கு எத்தனை நாள் படுக்கை என்று கொப்பியைப் பார்க்காமலே தெரியும். இவர் வேண்டாம் என்றார். கடிதம் எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் இருந்தது ஞாபகம் வந்தது. போவோம் என்றேன். முதல் மூன்று நாள் ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தேன். கரியரில் தலையணை கட்டி, வழியில் இரண்டு இடத்தில் மர நிழலில் என்னைப் படுக்க வைத்து, மெல்ல மெல்லக் கொண்டுபோனார்.

அது ஓலைக் கொட்டில். புனிதம் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. பஸ்தியாம்பிள்ளை அண்ணன் வெளியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், எழும்பவில்லை. எனக்கும் வழியில் வந்த களைப்பில் உட்கார முடியவில்லை. கேட்டுவிட்டு அவாவின் பாயிலேயே பக்கத்தில் படுத்தேன். வீட்டுக்கு வந்த ஆள் இப்படிப் படுக்கிறதைக் கண்டு அவா திரும்பிப் பார்த்தா.

என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அக்கா, உங்களுக்கு உண்மையா ஏலாது. எனக்குத் தெரியும்" என்றேன். அவ்வளவுதான். அவா என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதா. கனநேரம் அப்படியே கிடந்தோம்.

வெளியில் இவர் வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து டொக்டரம்மாவின் நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்டுவது கேட்டது. வாசித்து முடித்ததும் தன்னுடைய எஞ்சின் கதையையும் சொன்னார். நானும் முறுக்கினனான் அண்ணை என்றார்.  நாங்கள் திரும்பிப் போக வெளிக்கிடும்போது பஸ்தியாம்பிள்ளை அண்ணன், அந்த நாலு பக்கத்தையும் தங்களிடம் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று மட்டும் கேட்டார். தனுஷா ஏற்கெனவே பார்த்து எழுதி வைத்திருந்ததால் கொடுத்துவிட்டேன். டொக்டரம்மா கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்பது நாள் படுக்கை. அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை அக்கா. இந்த வருத்தம் வந்த நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் படுத்ததே இல்லை.

நேற்றுக் காலை பஸ்தியாம்பிள்ளை அண்ணன் சைக்கிளில் வந்தார். ஒரு பை நிறையக் காய்ந்த இறால் கொண்டுவந்திருந்தார். அப்பா தேத்தண்ணி குடிக்கச் சொன்னார், தொழிலுக்கு நேரமாகிறது என்று நிற்கவில்லை. படலைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, நான் படுத்திருந்த பக்கம் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, அவா இப்ப மத்தியானத்தில படுக்கிறவா. நான்தான் பாயை விரிச்சு விடுறனான்."

அன்புடன்
ராஜினி